எலியட்டும் எங்கள் கிணறும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்திப்பட்டுக்காரர். அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் நடுவே நந்தியம்பாக்கம் ஒரு ஸ்டேஷன்தான். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி உட்கார இடம் பார்ப்பதற்குள் இறங்கிவிட வேண்டியதுதான். கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

"ஐயா, நீங்க கதைதான் எழுதுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் இதைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"கவிதையா, தம்பி?"

"அப்படி நெனச்சுத்தான் எழுதினேன்."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ராத்திரி ஷிப்டுக்குத் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானமே உட்கார்ந்து படித்தேன். 31 கவிதைகள். கையெழுத்து அழகாக இருந்தது. கவிதைகளில் வறண்ட பாறைகள் இருந்தன, எலும்புகள் இருந்தன, பாலத்தின்மேல் உயிரில்லாமல் போகும் ஜனக்கூட்டம் இருந்தது, மஞ்சள் நிற மூடுபனி இருந்தது. ஏப்ரல் மாதத்தின்மேல் ஏதோ மனஸ்தாபமும் இருந்தது. நான் இந்த ஊரில் வெகுகாலமாக இருக்கிறவன். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து கொடியில் காயும் வேட்டிமேல் படிவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் மூடுபனியைப் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானாலும் எங்களுக்கு மே மாதம் இருக்கிறது. ஏப்ரல் பாவம்.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். இத்தனையும் டி. எஸ். எலியட்டின் வீட்டுச் சாமான்கள். 'தம்பி, இது எலியட், நீங்கள் இல்லை' என்று ஒரு வரி எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேலை சுலபமாக முடிந்துவிடும். என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுமார் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் கவிதைத் தொகுதி ஒன்றுக்கு மதிப்புரை எழுதினேன். முதல் தொகுதி, சொந்தக் காசில் அச்சிட்டது. 'இந்தக் கவிஞர் எலியட் சாப்பிட்டு எழுந்த இலையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். நண்பர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மனிதர் அதற்கப்புறம் ஒரு தொகுதியும் போடவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். அவரே அறிமுகம் செய்துகொண்டார். குரலில் வருத்தம்கூட இல்லை. "நீங்கள் எழுதினது சரிதான் ஸார். ஆனால் வேறே எந்த இலையில் உட்காருவது என்று சொல்லவில்லையே" என்றார்.

சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குக் காலம் கடந்து சொல்கிற பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் வாசகர்களில் கதை, நாவல் படிக்கிறவர்கள்தான் அதிகம். புதுக்கவிதை என்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுகிறவர்கள். நானும் அந்த ஜாதிதான். ஆகவே கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் ஆரம்பத்தில், லண்டனில் எஸ்ரா பவுண்ட் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். தான் எழுதினால் மட்டும் போதாது, மற்றவர்களும் நன்றாக எழுத வேண்டும் என்று தவித்த மனிதர். சிகாகோவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கவிதைப் பத்திரிகையில் 1913-ல் இளம் கவிஞர்களுக்குச் சில 'செய்யாதே'களை எழுதினார். வேலை செய்யாத வார்த்தையைப் போடாதே. கண்ணால் கண்டதை நேரே காட்டு. பெரிய தத்துவச் சொல்லைக் கண்டால் பயப்படு. சாராம்சம் அவ்வளவுதான். சொன்னதைத் தானே செய்தும் பார்த்தார். பாரிஸ் நகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் அழகான முகங்கள் சிலவற்றைப் பார்த்தாராம். முப்பது வரியில் ஒரு கவிதை எழுதிக் கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். அப்புறமும் விடவில்லை. கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. அந்த இரண்டு வரியைத்தான் இன்றைக்கும் கல்லூரிகளில் பாடம் சொல்லுகிறார்கள்.

அவருடைய சிநேகிதர் எலியட். இவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். ஹார்வர்டில் தத்துவமும் சமஸ்கிருதமும் படித்தவர். லண்டனில் ஒரு பாங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். முதல் உலக யுத்தம் முடிந்து, ஐரோப்பா முழுதும் ஒரு சாவு வீடு மாதிரி இருந்த சமயத்தில் அவர் எழுதிய நீண்ட கவிதை 1922-ல் வெளிவந்தது. பாழ் நிலத்தைப் பற்றிய கவிதை. கையெழுத்துப் பிரதியைப் பவுண்ட் வாங்கிக் கண்டதுண்டமாக வெட்டினார். எலியட் முகம் சுளிக்காமல் அந்த வெட்டுகளில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டு, புத்தகத்தையும் அவருக்கே அர்ப்பணம் செய்தார். 1971-ல் அந்தக் கையெழுத்துப் பிரதியை அப்படியே படம் பிடித்து வெளியிட்டார்கள். எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய புத்தகம். பிறர் பேனாவைத் தன் எழுத்தின்மேல் படவிடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கவிதையில் சாராயக் கடைப் பேச்சு வருகிறது, டைப் அடிக்கும் பெண் ஒருத்தியின் சாயங்காலம் வருகிறது, தாந்தேயும் ஷேக்ஸ்பியரும் வருகிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பாலம் இல்லை. வாசகன்தான் தாண்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் பிருகதாரண்யக உபநிஷத்தில் இடி சொல்கிற உபதேசம் வருகிறது: கொடு, இரங்கு, அடக்கு. மழைக்காகக் காத்துக் கிடக்கும் நிலத்துக்கு நம் வீட்டு உபநிஷத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் நம்மிடம் வாங்கினதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். வசனத்தில் கவிதை எழுதலாம் என்று நமக்கு முதலில் காட்டியவர் பாரதி. அமெரிக்காவின் வால்ட் விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியதும் அவரே. அந்த இரண்டு பேரையும் படித்த ந. பிச்சமூர்த்தி 1934-ல் 'மணிக்கொடி'யில் யாப்பில்லாத கவிதை எழுதத் தொடங்கினார். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். தாடியும் சாந்தமுமாக ஒரு ரிஷி மாதிரி இருப்பார் என்று பழகினவர்கள் சொல்வார்கள். பிறகு சில வருஷம் எழுதி, வெகுகாலம் சும்மா இருந்துவிட்டார். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்த பிறகுதான் காரியம் சூடு பிடித்தது. அதே சமயத்தில் க. நா. சுப்ரமண்யம், பவுண்டையும் எலியட்டையும் காட்டி, தமிழிலும் இப்படி ஒன்று வந்தாக வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 'மயன்' என்ற பெயரில் தாமே எழுதியும் காட்டினார். 1962-ல் செல்லப்பா 'புதுக் குரல்கள்' என்று ஒரு தொகுதி கொண்டுவந்தார். 24 பேர் எழுதிய 63 கவிதைகள்.

அவர்களில் எலியட்டை மிகவும் உள்ளே வாங்கிக்கொண்டவர் சி. மணி. இங்கிலீஷ் ஆசிரியர். 'எழுத்து'வில் வந்த அவருடைய 'நரகம்' சென்னைப் பட்டணத்துச் சாயங்காலத்தில் ஓர் இளைஞன் ஆசையும் ஏமாற்றமுமாக அலைவதைச் சொல்லும் நீண்ட கவிதை. படித்தவுடன் எலியட்டின் நிழல் தெரியும். ஆனால் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். பழந்தமிழ்ச் செய்யுளின் நடையை எடுத்து, கிண்டலாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போவார். யாப்பு தெரியாததனால் யாப்பை உடைத்தவர் இல்லை அவர். 1975-ல் 'யாப்பும் கவிதையும்' என்று தனிப் புத்தகமே எழுதினவர்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. பண்டிதர்கள், இது மேல்நாட்டுச் சரக்கு, தமிழ் மரபுக்கு ஆகாது என்றார்கள். இடதுசாரி விமர்சகர்களோ, ஐரோப்பாவில் யுத்தத்தினால் வந்த விரக்தியை இங்கே ஏன் இறக்குமதி செய்கிறீர்கள் என்றார்கள். 1971-ல் கோயமுத்தூரில் 'வானம்பாடி' தொடங்கியவர்கள் அந்த விரக்திக்கு மாற்றாகத்தான் கோபத்தையும் நம்பிக்கையையும் உரக்கப் பாடினார்கள். இரண்டு தரப்பும் பயன்படுத்திய வார்த்தை ஒன்றுதான்: இறக்குமதி. என் மதிப்புரையில் இருந்த எச்சில் இலையும் அந்த வார்த்தையின் தங்கைதான்.

இங்கே எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சம்பந்தம் இருக்கிறது.

இந்த வீட்டை என் தகப்பனார் கட்டியபோது வெட்டிய கிணறு அது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தத் தண்ணீரில்தான் சமையல், குடி எல்லாம். இப்போது அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாத்திரம் அலம்பினால் வெள்ளையாகப் பூத்துப் போகிறது. வாயில் வைத்தால் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் பழைய கிணறு வைத்திருக்கிற பலருக்கும் இதே கதைதான்.

கடல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை. அது பொங்கி எழுந்து ஒருநாள் உள்ளே வந்துவிடவுமில்லை. மீஞ்சூருக்கு அடியில் மணலில் நல்ல தண்ணீர் ஏராளமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அறுபதுகளிலிருந்து ஆழமான கிணறுகள் போட்டு, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் பட்டணத்துக்கும் இறைக்க ஆரம்பித்தார்கள். வயல்காரர்களும் பம்ப் செட்டு வைத்து இறைத்தார்கள். மழையினால் திரும்பி ஊறுகிறதைவிட இறைத்தது அதிகம். உள்ளே நல்ல தண்ணீரின் அழுத்தம் குறையக் குறைய, அந்த இடத்துக்குப் பூமிக்கு அடியிலேயே கடல் நகர்ந்து வந்தது. 1969 வாக்கில் கரையோரத்தில் தென்பட்ட உப்பு, எண்பதுகளில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிதண்ணீர் தயாரிக்கும் ஆலையைத் திறந்தார்கள். பட்டணத்துக்குப் பயன்பட்டது. எங்கள் கிணறு அப்படியேதான் இருக்கிறது.

கடலைத் திட்டிப் பிரயோஜனம் என்ன? உள்ளே காலியானதனால்தான் வெளியிலிருந்து வந்தது. புதுக்கவிதையைப் பற்றியும் நான் இப்படித்தான் நினைக்கிறேன். பாரதிதாசனும் கவிமணியும் யாப்பில் நல்ல கவிதை எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது? கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துப்பா, தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு விருத்தம், கட்டடத் திறப்புக்கு ஒரு வெண்பா. சீர் தளை தட்டாமல் இருக்கும். சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்காது. ஊறுவதற்கு விடாமல் இறைத்தோம். பவுண்டும் எலியட்டும் அந்தக் காலி இடத்துக்குத்தான் வந்தார்கள்.

இந்த இறக்குமதிக் குற்றச்சாட்டு நம் ஊரில் மட்டும் எழுந்ததென்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலேயே எழுந்தது. எலியட்டும் பவுண்டும் அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கின சரக்குதானே! ஹல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த பிலிப் லார்கின் என்ற கவிஞர், பவுண்டு வழி வந்த கலையெல்லாம் சாதாரண மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது என்று வெளிப்படையாகவே சண்டை பிடித்தார். 1964-ல் வந்த அவருடைய தொகுதியின் தலைப்புக் கவிதை, ரயில் ஜன்னல் வழியாக ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கல்யாண கோஷ்டிகளைப் பார்த்துக்கொண்டு போவதைப் பற்றியது. எங்கள் கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத கவிதை.

ஆனால் இந்த லார்கின் எப்படித் தொடங்கினார் தெரியுமா? 1945-ல் வந்த முதல் தொகுதி முழுக்க முழுக்க யேட்ஸின் சாயல். பிறகு தாமஸ் ஹார்டியைப் படித்துத்தான் தன் குரலைக் கண்டுகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். முதல் தொகுதிக்கு யாராவது என்னைப்போல ஓர் 'இலை' வாக்கியம் எழுதி, அவரும் அதோடு பேனாவை மூடியிருந்தால்? ஒருவரைப்போல எழுதுவது பாவம் இல்லை, அது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிடுவதுதான் துரதிர்ஷ்டம்.

அமெரிக்காவிலும் ஒருவர் இருந்தார். எலியட்டை எதிர்த்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். நியூ ஜெர்சியில் ரூதர்போர்டு என்ற சின்ன ஊரில் டாக்டர். ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர். நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் கவிதை எழுதினவர். பவுண்டுக்குக் கல்லூரி நாள் சிநேகிதர். பவுண்ட் சொன்ன 'கண்டதைக் காட்டு' என்ற பாடத்தை அவரும் படித்தார். ஆனால் எலியட்டின் கவிதை வந்தபோது இவருக்குப் பெரிய அதிர்ச்சி. நாங்கள் எங்கள் மண்ணிலிருந்து, எங்கள் ஜனங்களின் பேச்சிலிருந்து கவிதை எடுக்கும் நிலைக்கு வந்துகொண்டிருந்தோம். இது கவிதையைத் திரும்பவும் வகுப்பறைக்கு அனுப்பிவிட்டதே என்று வருந்தி, 1951-ல் எழுதிய சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

வருந்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் பாட்டர்சன் என்று ஒரு தொழிற்பேட்டை ஊர். பட்டு மில்கள், சாயப்பட்டறைகள், அவற்றின் கழிவைச் சுமந்து போகும் பஸாயிக் ஆறு. அந்த ஊரையே ஒரு நீண்ட கவிதையாக எழுத உட்கார்ந்தார். 1946 முதல் 1958 வரை ஐந்து பாகம் வந்தது. ஊர்ச் சரித்திரம், பத்திரிகைச் செய்தி, யாரோ எழுதிய கடிதம் எல்லாவற்றையும் கவிதைக்கு நடுவே அப்படியே வைத்தார். மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கம் எனக்கு மறக்காது. அந்த ஊர் ஆலையொன்றில் ஆழ்துளைக் கிணறு போட்ட கணக்கு: எத்தனை அடியில் என்ன மணல், எத்தனை அடியில் என்ன பாறை. வரிசையாக எண்கள். 2,100 அடி போனபிறகு, தண்ணீர் உபயோகத்துக்குச் சற்றும் லாயக்கில்லை என்று தோண்டுவதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கணக்கு முடிகிறது. அவ்வளவுதான். ஒரு விளக்கமும் இல்லை.

அதைப் படித்த அன்று நான் எழுந்து போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாழ் நிலத்தைப் பற்றி எலியட் எழுதினது மகத்தான கவிதை. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவருடைய வறட்சி ஒரு நாகரிகத்தின் மனசில் இருந்த வறட்சி. வில்லியம்ஸின் கிணற்றில் உண்மையாகவே தண்ணீர் கெட்டிருந்தது. மீஞ்சூர்க்காரனுக்கு எது உறவு என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் தமிழ்க் கவிகள் ஆரம்பத்தில் எலியட்டின் பக்கமே அதிகம் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. அவரைக் கல்லூரியில் பாடமாக வைத்திருந்தார்கள், வில்லியம்ஸை வைக்கவில்லை. படித்த பையன்களுக்குக் கிடைத்ததைக் கொண்டு எழுதினார்கள். அதில் நிலைத்தது எது, நிலைக்காதது எது என்று இப்போது நிதானமாகப் பார்க்க முடிகிறது. கடன் வாங்கின மனச்சோர்வு நிலைக்கவில்லை. 'எழுத்து' பழைய இதழ்களைப் புரட்டினால், வெறுமை, இருள், சவம் என்ற வார்த்தைகள் மட்டுமே எஞ்சியிருக்கிற கவிதைகள் பல கண்ணில் படும். எழுதியவர் பெயரை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. நிலைத்தது முறை. வேண்டாத வார்த்தையை நீக்குவது, பேச்சு மொழியின் தாளத்தைக் கேட்பது, ஒரு காட்சியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது. திருகோணமலையிலிருந்து வந்த தர்மு சிவராமு, பறவை உதிர்த்த இறகு ஒன்றைப் பற்றி எழுதிய குட்டிக் கவிதை பலருக்கு மனப்பாடம். அதில் சோர்வும் இல்லை, மேல்நாடும் இல்லை. ஆனால் பவுண்ட் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையைக்கூட வெட்டியிருக்க மாட்டார்.

இந்த முறை நமக்குப் புதிதா என்றால், அங்கேதான் வேடிக்கை. ஏ. கே. ராமானுஜன் என்ற கவிஞர் 1962-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில், பழந்தமிழ் இலக்கணம் தேடி நூலகத்தின் நிலவறைக்குப் போனாராம். கையில் அகப்பட்டது உ. வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை. அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். 1967-ல் அதிலிருந்து பல பாட்டுகளை இங்கிலீஷில் கொண்டுவந்தார். வரிகளைச் சின்னச் சின்னதாக உடைத்து, காகிதத்தில் காற்றோட்டமாக இறக்கி வைத்திருந்தார். வில்லியம்ஸ் எழுதியதைப் படித்துப் பழகின அமெரிக்கர்களுக்குச் சங்கப் புலவர் நேற்று எழுதியவர்போல இருந்தார். நாலடியிலிருந்து எட்டு அடிக்குள் ஒரு மலை, ஒரு பூ, ஒரு பெண்ணின் பேச்சு. சொல்ல வந்ததைச் சொல்லாமல் காட்சிக்குள் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது. உள்ளுறை என்று நம் இலக்கணமே அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. முப்பது வரியை இரண்டாகக் குறைக்கப் பவுண்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது என்று கேட்டால் குறுந்தொகைக்காரர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

'பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மேடையில் கைதட்டல் வாங்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இருந்தது உண்மை. ஆனால் நமக்கு அது தெரிந்ததா? சங்கப் பாட்டைப் பொழிப்புரையும் அருஞ்சொற்பொருளுமாகப் பரீட்சைக்குப் படித்தோம். கவிதையாகப் படிக்க மறந்துவிட்டோம். மேல்நாட்டான் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பிறகே நம் வீட்டுப் பொருள் நமக்குத் தெரிந்தது. அந்தக் கடனை ஒப்புக்கொள்வதில் அவமானம் இல்லை. மழைத் தண்ணீரைப் பூமிக்குள் விட வேண்டும் என்று 2003-ல் சர்க்கார் வீட்டுக்கு வீடு கட்டாயம் பண்ணினபோது எங்கள் வீட்டிலும் குழாய் வைத்தோம். நல்ல மழை பெய்த வருஷத்தில் கிணற்றில் உப்பு கொஞ்சம் குறைகிறது. என் மனைவி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துச் சொல்வாள். வெளியிலிருந்து வந்த உப்பை விரட்ட வேறு வழி கிடையாது. மேலே பெய்கிற நம் மழையை உள்ளே விட வேண்டும். உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். இங்கேயே விட்டுவிடுகிறேன்.

அந்தத் தம்பியின் நோட்டுக்கு வருகிறேன். 31 கவிதைகளையும் படித்துவிட்டு மூடும்போது கடைசிப் பக்கங்கள் கண்ணில் பட்டன. அவை எனக்குக் காட்டுவதற்கு எழுதியவை அல்ல. வேலைக் கணக்கு. எந்தத் தேதியில் எந்த ஷிப்டு, எத்தனை மணி ஓவர்டைம், கேன் தண்ணீர் எத்தனை, பாக்கி எவ்வளவு. நடுவில் ஒரு வரி: 'லாரி வரல. அம்மா 3 குடம். கடைசிக் குடத்தை வழியில கேட்ட கிழவிக்குக் குடுத்திட்டு வந்திருக்கு.' அதற்குக் கீழே மறுபடியும் ஓவர்டைம்.

அந்த வரியைக் கவிதை என்று நான் சொல்ல மாட்டேன். அதை எழுதினவருக்கே அப்படி நினைப்பில்லை. ஆனால் நோட்டு முழுதும் தேடியும் கிடைக்காத ஓர் ஆள் அந்த இடத்தில் இருக்கிறார். ரூதர்போர்டு ஊர் டாக்டர் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கணக்கோடு கணக்காக அப்படியே எடுத்து வைத்திருப்பார். எலியட்டின் கவிதையில் இடி சொல்கிற மூன்று உபதேசத்தில் முதலில் இருப்பது 'கொடு' என்பது. அந்த அம்மாள் உபநிஷத்தும் படிக்கவில்லை, எலியட்டும் படிக்கவில்லை. மூன்றில் ஒரு குடத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஒரு மாதமாக என் கவலை. கடைசிப் பக்கத்தை மட்டும் புகழ்ந்தால், 31 கவிதைகளும் வீண் என்று நினைத்துவிடுவார். அவை வீண் இல்லை. எலியட்டை அவ்வளவு ஆழ்ந்து படித்த பையனுக்கு வார்த்தையை எண்ணிப் போடத் தெரிந்திருக்கிறது. கணக்கு எழுதும்போதுகூட அந்த ஒரு வரியில் ஒரு சொல்லும் அதிகமில்லை. அது எங்கிருந்து வந்த பழக்கம்? படித்ததிலிருந்து வந்ததுதான். கல்யாணப் பந்தியில் என்னைக் கேட்டவருக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எந்த இலையிலும் உட்காரலாம், ஸார். எலியட் வீட்டில் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, உங்கள் வீட்டு அடுப்புக்குத் திரும்பி வாருங்கள் என்று. அவரிடம் சொல்லும் சந்தர்ப்பம் போய்விட்டது. அவர் இப்போது இல்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஷிப்டு முடிந்து நேரே வருவதாகத் தம்பி சொல்லியனுப்பியிருக்கிறார். நோட்டு என் மேஜைமேல் இருக்கிறது. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு காகிதத் துண்டை அடையாளம் வைத்திருக்கிறேன். முதலில் அவருடைய அம்மாவைப் பற்றி விசாரிக்க வேண்டும். காபிக்குக் கேன் தண்ணீர் இருக்கிறதா என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.